இப்போதைக்கு

உப்புவெளியில், கடலுக்கு முதுகு காட்டும் வரவேற்பு மேசையில்
இரண்டு முழங்கையையும் ஊன்றி ஹிலறி சொன்னார்:
"ஒரு தேநீருக்காக யுகங்களாய் நிற்கிறேன்."
சுவர் மணிக்கூட்டில் பதினொரு நிமிடம்.
மன்னிப்புக் கேட்டேன்.
ஒரு யுகத்துக்கு எத்தனை கரண்டி சீனி
என்று கேட்கவில்லை.

அவருடைய கணவர் டெரன்ஸ்
கழுதைகளின் ஆண்டுகளாய்ப் புகைப்பதில்லையாம்.
எங்கள் நகரத்தில் கழுதை இல்லை, மான்தான்.
பஸ் நிலையத்தடியில் நின்று
பிய்த்தெறிந்த டிக்கற்றைத் தின்னும்.
மன்னாரில் ஒருதரம் கழுதை பார்த்தேன்.
நடுரோட்டில், லொறிக்காரன் தொண்டை கிழியக் கத்தியும்
அசையாமல் நின்றது.
அதன் வயதை ஒருவரும் எண்ணிவைத்ததாய்த் தெரியவில்லை.
அதுதான் அர்த்தமாக்கும்.

எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமைகளால் மட்டும் ஆன மாதம்.
நீலமாய் நிலா எழும்ப எடுக்கும் காலம்.
என்றென்றைக்கும், அதற்கு மேல் இன்னும் ஒரு நாளும்.
அந்த ஒரு நாளுக்கு
ஓவர்டைம் கொடுப்பார்களா என்று
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி.

பில்லைப் பார்த்து டெரன்ஸ் சொன்னார்:
"இதைப்பற்றி மாடுகள் வீடு திரும்பும்வரை வாதாடலாம்."
எங்கள் மாடுகள் பகல் முழுக்கக் கடற்கரையில் படுத்திருப்பவை.
ஐந்தரைக்கு ஒருவரும் கூப்பிடாமலே எழும்பி
வெள்ளைக்காரர் வெயில் காயும் கட்டில்களுக்கு நடுவால்
வீட்டுக்குப் போய்விடும்.
அப்ப நாலு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் வாதாடலாம்.
நான் தயார்தான்,
ஏசியைப் போட்டுவிட்டுப் போனது அவர்கள்.

"ஒரு செக்கனில் வந்துவிடுவேன்" என்று போன ஹிலறி
ஒன்றரை மணித்தியாலம் கடலுக்குள் நின்றார்.
சிரிக்க எனக்கு வாயில்லை.
"இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு
குளிக்கத் துவாய் தேடுகிற சனம் நாங்கள்.
ஆனாலும் ஒன்று விளங்கியது:
பதினொரு நிமிடத்துக்கு யுகத்தை எடுப்பவர்கள்
உண்மையாகவே நீளப்போகிற ஒன்றுக்கு
ஆகச் சின்னச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள்.

எனக்கு அது புதிதில்லை.
சம்பூரை விட்டு ஓடி, எங்கெங்கோ அலைந்து
கிளிவெட்டியில் வந்து நின்றபோது
தகரக் கொட்டில் ஒன்றுக்கு இலக்கம் போட்டபடி
ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.
பக்கத்தில் நின்ற பெடியன் பெயர்த்தான்:
"இப்போதைக்கு."

இப்போதைக்குள் நான் பெரியபிள்ளையானேன்.
இப்போதைக்குள் ஓ.எல். எழுதினேன், கணிதம் இரண்டாம்தரம்.
கூரைத் தகரம் கறள் பிடித்து
வேறு தகரம் வந்து அதுவும் கறள் பிடித்தது.
ஐயாவை எரித்ததும் இப்போதைக்குள்தான்.
கதவில் எழுதிய இலக்கத்தை
மூன்றுதரம் புதுப்பித்துப் போனார்கள்,
மூன்றுதரமும் அதே சொல்.

நேற்று ஹிலறி கேட்டார்,
"எவ்வளவு காலம் இருந்தீர்கள் அங்கே?"
கன்னத்தில் கைவைத்து, நல்ல மனதோடுதான்.
கொப்பியை மனதுக்குள் புரட்டினேன்.
கழுதை சரிவரவில்லை. நிலாவும் சரிவரவில்லை.
கனகாலம் என்று எங்கள் வாயில் வருவதற்கு
அவர்கள் மொழியில் பாரம் போதாது.
கடைசியில் அந்த அதிகாரியின் சொல்லையே எடுத்து
ஆங்கிலத்தில் சொன்னேன்:
"இப்போதைக்கு இருந்தோம்."

ஹிலறி அன்பாகத் திருத்தினார்.
"அது நடந்துகொண்டிருப்பதற்குச் சொல்வது, கண்ணே.
முடிந்துபோனதற்கு அப்படி வராது."

எழுதிக்கொண்டேன்.
முடிந்துபோனதற்கு வராது.
எங்கள் வளவில் பாதி
இன்னும் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் என்பதால்
நான் சொன்னது பிழையோ சரியோ
என்று கேட்க வாயெடுத்தேன்.
டெரன்ஸ் சாவியை நீட்டினார்.

ஐந்து இருபது.
முதல் மாடு எழும்பி
மணலை உதறியது.